மூப்பும் மூச்சும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன்னே பேசிய புலவர் பெருமகனார் தமிழின் தொன்மையைக் கடல்மடை திறந்தாற்போல எடுத்துரைத்தார். அவருக்குப் பின்னே நின்று யான் பேசப்போவது தமிழர்களின் நெஞ்சுச் சளியைப் பற்றி. சிரிக்கிறீர்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரிக்கும்போது எவருக்கு இருமல் வருகிறது என்பதை மட்டும் அருகில் இருப்பவர் கவனித்துக்கொள்ளுங்கள்.

யான் மருத்துவன் அல்லேன். தாராவியிலே தமிழ் வழியில் படித்து, மெட்ரிக் தேறி, இரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனவன். என் மேசைக்கு வருவன விடுப்பு விண்ணப்பங்கள். டிசம்பர், ஜனவரி மாதங்கள் வந்துவிட்டால் "தாயாருக்கு உடல்நலமில்லை", "தந்தையாருக்கு மூச்சுத் திணறல்" என்று எழுதிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். பல ஆண்டுகள் அவற்றை நம்பாமல் நகைத்தவன் யான். பின்னர் என் கையெழுத்திலேயே அப்படிப்பட்ட விண்ணப்பங்கள் எழுத நேர்ந்தது. அந்த அனுபவத்தைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். என் அன்னையாரின் இசைவு பெற்றே சொல்கிறேன். அவர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

அன்னையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகித் தாராவிக்கு வந்தவர். வந்த நாள் முதல் முப்பது ஆண்டுக் காலம் இட்லி அவித்து விற்கக் கொடுத்தவர். பின்னிரவில் மும்பை உறங்கும் நேரத்தில் தாராவிச் சந்துகளில் அடுப்பு எரியும். விடிந்ததும் அலுமினியப் பாத்திரத்தைத் தலையிலும் மிதிவண்டியிலும் சுமந்துகொண்டு ஆண்கள் நகரெங்கும் செல்வார்கள். இது உங்களுக்குத் தெரிந்த காட்சி. அந்த அடுப்பு என்ன அடுப்பு என்று எண்ணிப் பாருங்கள். முதலில் விறகு, பிறகு மரத்தூள், பிறகு மண்ணெண்ணெய். வாயு அடுப்பு வீட்டிற்கு வந்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. பீடியையோ சிகரெட்டையோ வாழ்நாளில் தொட்டறியாத அவருடைய நுரையீரலைக் கண்ட மருத்துவர், "வீட்டில் புகை பிடிப்பவர் யார்?" என்று கேட்டார். "அடுப்பு" என்று அன்னையார் விடை சொன்னார். மருத்துவர் சிரிக்கவில்லை, அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆனால் அந்த மருத்துவரிடம் போய்ச் சேர எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின. அதற்குக் காரணம் ஆஸ்பத்திரி அன்று, யான்தான். முதல் நாள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் புறநோயாளர் பகுதியில் காலை ஏழு மணிக்குச் சென்று கேஸ் பேப்பர் எடுத்து, பதினொரு மணிக்கு மருத்துவர் முன் நின்றோம். "எய்யா, நெஞ்சடைக்கின்னு சொல்லு" என்றார் அன்னையார். யான் அதை இந்தியில் "சாத்தி மே தர்த் ஹை" என்று மொழிபெயர்த்தேன். நெஞ்சு வலிக்கிறது என்று பொருள்! மருத்துவர் என்ன செய்வார்? அறுபத்தெட்டு வயது மூதாட்டிக்கு நெஞ்சு வலி என்றால் இதயம் என்றுதானே கருதவேண்டும்? இ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, எக்கோ என்று இதயப் பகுதிக்கு அனுப்பிவிட்டார். ஒவ்வொன்றிற்கும் ஒரு நாள், ஒரு விடுப்பு, ஒரு வரிசை. இதயத்தில் குறையில்லை என்று முடிவு வந்தபோது, "அப்படியானால் ஒன்றுமில்லை" என்று மகிழ்ந்து வீட்டிலேயே இருந்துவிட்டோம்.

நண்பர்களே, நம் தமிழில் இந்த நோய்க்கு எத்தனை சொற்கள்! இளைப்பு என்கிறோம், இரைப்பு என்கிறோம், தொய்வு என்கிறோம், மேல்மூச்சு வாங்குகிறது என்கிறோம், நெஞ்சடைக்கிறது என்கிறோம். ஒவ்வொன்றிற்கும் பொருள் சற்று வேறு. படியேறும்போது மூச்சு வாங்குவது வேறு. படுத்தால் மூச்சு முட்டுவது வேறு. நெஞ்சு கரிப்பது முற்றிலும் வேறு. இத்தனையையும் இந்தி தெரிந்த மகன், பேரன், பக்கத்து வீட்டுப் பையன் ஒரே "தர்த்" என்னும் சொல்லில் அடைத்துவிடுகிறான். மராத்தியில் "தம் லாக்தோ" என்றும், இந்தியில் "சாஸ் பூல்தீ ஹை" என்றும் சொல்லியிருந்தால் அன்றே நுரையீரல் பகுதிக்கு அனுப்பியிருப்பார்கள். இரண்டு சொற்கள் தெரியாததனால் நான்கு மாதம் போயிற்று.

இரண்டாவது பிழை இன்னும் பெரிது. மீண்டும் சென்றபோது வேறொரு மருத்துவர், "இரவில் எத்தனை தலையணை வைத்து உறங்குகிறார்?" என்று கேட்டார். "ஒன்றுதான்" என்று யான் முந்திக்கொண்டு சொன்னேன். அன்னையார் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு. யானும் மனைவியும் பிள்ளைகளும் மேலே பரணில், அதாவது போட்மாளாவில், உறங்குவோம்; அவர் கீழே. அன்றிரவு தண்ணீர் குடிக்க இறங்கினேன். அன்னையார் தகரப் பெட்டியிலே சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "தீவாளிக்கு முந்தியிருந்தே இப்படித்தான்" என்றார். அப்போது பிப்ரவரி மாதம். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து அதை அறியாத மகன், மருத்துவர் கேட்ட கேள்விக்கு அவருக்காக விடை சொல்லியிருக்கிறேன்!

ஆதலால் முதியோரை அழைத்துச் செல்லும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் சொல்வதை மொழிபெயருங்கள். அவருக்காக நீங்கள் சொல்லாதீர்கள். முந்திய நாளிரவே அமர்ந்து கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை படி ஏறினால் நிற்கவேண்டியிருக்கிறது? சளி என்ன நிறம்? படுத்து உறங்க முடிகிறதா? காலில் வீக்கம் உண்டா? இருமல் எத்தனை வாரம்? இரண்டு வாரம் கடந்த இருமலாயின், மற்றெல்லாவற்றிற்கும் முன்பு காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யவேண்டும். அரசினர் நிலையங்களில் அது இலவசம், மருந்தும் இலவசம். சிவ்டியில் மாநகராட்சியின் காசநோய் ஆஸ்பத்திரி இருப்பதை அறிவீர்கள். அந்தப் பெயரைக் கேட்டாலே நம்மவர் அஞ்சுகிறார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள் என்று மறைக்கிறார்கள். மறைத்த காசம் ஆறினாலும் நுரையீரலில் தழும்பை விட்டுச் செல்கிறது. முதுமையில் அதுவே மூச்சடைப்பாக மாறுகிறது.

அன்னையாருக்கு வந்த நோயை ஆங்கில எழுத்துக்களால் சி.ஓ.பி.டி. என்பார்கள். நாட்பட்ட மூச்சடைப்பு நோய் என்று நாம் சொல்லலாம். இந்த நோயில் காற்றை இழுப்பதைக் காட்டிலும் விடுவதுதான் கடினம். மூச்சுக் குழாய்கள் சுருங்கி, நுண்ணிய காற்றறைகள் சிதைந்து, பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. தாதர் நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு வண்டி வந்து நிற்கிறது. இறங்க வேண்டியவர் இறங்கினாலல்லவா ஏற வேண்டியவர் ஏறலாம்? அதே நிலைதான். ஆஸ்துமாவுக்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. ஆஸ்துமாவில் அடைப்பு வரும், போகும். பெரும்பாலும் இளமையிலேயே தொடங்கும். இதில் அடைப்பு முற்றிலும் நீங்குவதில்லை. இரண்டையும் பிரித்தறிய ஊதிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. 1846-இல் ஹட்சின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டவர்களை ஊதச் செய்து அளந்து ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியை உலகிற்கு அறிமுகம் செய்தார். அத்தனை பழைய சோதனை, வலியில்லை, ஊசியில்லை. ஆயினும் நம் முதியோரில் பலர் ஆண்டுக்கணக்கில் இருமல் மருந்து குடித்திருப்பார்கள், ஒருமுறையேனும் ஊதியிருக்க மாட்டார்கள். மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம். கேட்டால் கோபிக்க மாட்டார்.

நாம் வாழும் இடங்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். செம்பூர் அன்பர்களே, உங்கள் தெற்கே மாஹுலில் 1950-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. பிறகு டிராம்பேயில் உரத் தொழிற்சாலையும் அனல் மின் நிலையமும் சேர்ந்தன. உங்கள் ஊருக்கு "விஷவாயு அறை" என்று நகரத்தார் கேலிப் பெயர் வைத்தது வீணன்று. மாஹுல், அம்பாபாடா மக்கள் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அங்குள்ள காற்று கெட்டிருப்பதை ஏற்றுக்கொண்டு, 2020-இல் நான்கு நிறுவனங்கள் மீது இழப்பீடு விதித்தது. 1927 முதல் குப்பை கொட்டப்பட்டுவரும் தேவனாரில் 2016 ஜனவரியில் பற்றிய தீ நாள் கணக்கில் புகைந்தது. அப்புகை விண்ணிலிருந்து எடுத்த படங்களிலும் தெரிந்தது. தாராவிக்குக் கும்பார்வாடாச் சூளைகளின் புகை உண்டு. அவர்களும் நம்மைப்போல் வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர்கள். குறை கூற வாய் வரவில்லை. மாட்டுங்காவினர் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று எண்ணவேண்டாம். புறாக்களுக்குத் தானியம் இடுவதைப் புண்ணியமாகக் கருதுகிறோம். அவற்றின் எச்சமும் இறகுத் துகளும் ஓயாமல் உள்ளே செல்வதால் சிலருக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய் வருகிறது. 2025-இல் தாதர் கபூதர்கானாவைத் தார்ப்பாய் கொண்டு மூடியதும், அதன்மேல் எழுந்த கிளர்ச்சியும், உயர்நீதிமன்ற வழக்கும் உங்களுக்குத் தெரியும்.

வெளியே இருக்கும் ஆலையை நாம் மூட முடியாது. வீட்டுக்குள்ளே நாமே மூட்டும் புகையை நிறுத்தலாமே! ஒரு கொசுவத்திச் சுருள் முழுவதும் எரிந்தால் வெளிப்படும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்கு ஒப்பானது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவை அடைத்து, கிழவியின் தலைமாட்டில் சுருளைக் கொளுத்தி வைத்துவிட்டு நாம் பரணேறி உறங்குகிறோம். கொசுவலை கட்டினால் போதும். சாம்பிராணியைப் பற்றிச் சொன்னால் தாய்மார்கள் வருந்துவார்கள். வழிபாட்டைக் குறை சொல்லவில்லை, நோயாளி இருக்கும் அறையில் மட்டும் வேண்டாம் என்கிறேன்.

காற்று முதியோரை எப்படிக் கொல்லும் என்பதற்கு இலண்டன் மாநகரம் சான்று. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை ஐந்து நாட்கள் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து நகரை மூடின. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக அன்று கணக்கிட்டார்கள். பின்னாளைய ஆய்வாளர் அத்தொகை 12,000 வரை இருக்கும் என்றனர். மாண்டவரில் மிகுதியானவர் முதியோரும் முன்பே மார்புச்சளி நோய் உடையோருமே. தெருவில் எவரும் விழுந்து சாகவில்லை. தத்தம் வீட்டுக் கட்டிலிலே ஓசையின்றி மூச்சு நின்று போனார்கள். சவப்பெட்டிகளும் மலர்களும் கடைகளில் தீர்ந்த பிறகே ஊர் விழித்தது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் 1956-இல் தூய காற்றுச் சட்டம் இயற்றினார்கள்.

அதே 1956-இல்தான் இன்று நாம் "பம்ப்" என்று சொல்லும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. அமெரிக்க மருந்துக் கம்பெனித் தலைவர் ஒருவரின் ஆஸ்துமா உள்ள மகள், பதின்மூன்று வயதுச் சிறுமி, "கூந்தலுக்குப் பீய்ச்சும் தெளிப்பானைப் போல என் மருந்தையும் குப்பியிலிருந்து பீய்ச்சக் கூடாதா?" என்று தந்தையைக் கேட்டதிலிருந்து அது பிறந்தது. நம் வீடுகளிலோ அதற்குப் பெரிய அவப்பெயர். "பம்ப் பிடித்தால் பழக்கமாகிவிடும், கடைசிக் கட்டம் வந்தவருக்குத்தான் அது" என்கிறோம். மாத்திரையில் 4 மில்லிகிராம் விழுங்கும் சால்பியூட்டமால் மருந்தை ஒரு பம்பில் 100 மைக்ரோகிராம் மட்டுமே உள்ளிழுக்கிறோம். நாற்பதில் ஒரு பங்கு. மருந்து நேராகப் போகவேண்டிய இடத்திற்குப் போவதால் சிறிதே போதுமானதாகிறது. இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

ஆனால் அதைப் பிடிக்கத் தெரியவேண்டும். அன்னையார் மூன்று வாரம் அதை வாயில் அடித்து, "கசக்கு" என்று சொல்லித் துப்பிக்கொண்டிருந்தார். தினமும் காலை மாலை எடுக்கவேண்டிய மருந்தை, விலையை எண்ணி, மூச்சு முட்டும்போது மட்டும் எடுத்து மிச்சம் பிடித்தார். உடனடி நிவாரணத்திற்கு ஒரு பம்ப், நோயைக் கட்டுப்படுத்தத் தினமும் ஒரு பம்ப், இரண்டும் வேறு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு மலையாளச் செவிலித் தாய்தான் அமர்த்திச் சொல்லிக் கொடுத்தார். குப்பியைக் குலுக்கவேண்டும், மூச்சை முழுதும் வெளியே விடவேண்டும், உதட்டால் இறுகக் கவ்வவேண்டும், மெல்ல மூச்சிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தவேண்டும், பத்து எண்ணும்வரை அடக்கவேண்டும், பிறகு வாயைக் கொப்பளிக்கவேண்டும். கை நடுங்கும் முதியோருக்கு இந்தத் தாளம் வருவதில்லை. அவர்களுக்கென ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குடுவை ஒன்று உண்டு. அதில் மருந்தை அடித்துவிட்டு நிதானமாக இழுக்கலாம். ஒருமுறை வாங்கினால் பல மாதம் உழைக்கும். அதே செவிலியர், உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல் இரு மடங்கு நேரம் மெல்ல ஊதிவிடச் சொன்னார். அதை மட்டும் அன்னையார் நொடியில் கற்றார். முப்பது ஆண்டு ஊதுகுழல் பிடித்தவருக்கு ஊதச் சொல்லித் தரவும் வேண்டுமா?

2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பெற்றதை நாம் மறக்க இயலாது. நகரமே நம்மைக் கண்டு அஞ்சிய காலம். மருத்துவரும் மாநகராட்சித் தொண்டர்களும் வீடுவீடாக வந்து முதியோரின் விரலிலே ஒரு சிறு கருவியை மாட்டி உயிர்வளி அளவு பார்த்தார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகக் கூறினார். அந்தக் கருவியின் தத்துவத்தை 1970-களில் கண்டறிந்தவர் தக்குவோ ஆவோயாகி என்னும் ஜப்பானியர். அவர் காலமானதும் அதே 2020 ஏப்ரலில்தான். அன்று வாங்கிய கருவி இன்று பல வீடுகளில் அலமாரியில் மின்கலம் தீர்ந்து கிடக்கிறது. எடுத்துத் துடைத்து வையுங்கள். உடல் நன்றாக இருக்கும் நாளில் அளவு என்ன என்று குறித்து வைத்தால்தான் கெட்ட நாளில் வேற்றுமை தெரியும். இந்நோய் முற்றியவர்களில் சிலருக்கு 88 முதல் 92 வரை இருக்குமாறே மருத்துவர் உயிர்வளி கொடுப்பார். "இன்னும் குறைவாக இருக்கிறதே" என்று நாமாகத் திருகைத் திறந்துவிட்டால் தீங்கு நேரும். உயிர்வளி வைத்துள்ள வீட்டில் விளக்கும் அடுப்பும் பீடியும் அருகே வரலாகாது.

முதியோர் உடலுக்கு இன்னொரு தந்திரம் உண்டு. நுரையீரலில் சீதளக் காய்ச்சல் கண்டாலும் சிலருக்கு உடல் சுடுவதில்லை. சோறு வேண்டாம் என்பார், பெயர் மாற்றிப் பேசுவார், பகலெல்லாம் உறங்குவார். வயதாகிவிட்டது என்று நாம் விட்டுவிடுகிறோம். முந்தாநாள் வரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பினால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். தடுப்பூசியும் உண்டு. ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும் போடுவது. மும்பையில் அந்நோய் மழைக்காலத்தில் ஏறுவதால் ஏப்ரல், மே மாதங்களில் போட்டுக்கொள்வது நலம். சென்னையில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏறுகிறது. ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் இங்கே மழை வந்துவிடும். நிமோனியா ஊசி வேறு, மருத்துவரைக் கேளுங்கள்.

இனி யான் சொல்ல அஞ்சிய ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் சந்தின் கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். தோல் பதனிடும் கிடங்கில் உழைத்து ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர், மகன் வெளிநாட்டில். "தாத்தா சௌக்கியமா?" என்று நாள்தோறும் கேட்போம். "சௌக்கியம்ப்பா" என்பார். ஒரு ஜனவரி மாதம் அவர் இறந்துபோனார். வீட்டைச் சுத்தம் செய்தபோது ஒரு மஞ்சள் பையில் கேஸ் பேப்பர்கள் நூலால் கட்டப்பட்டிருந்தன. கடைசித் தாளில் தேதி பதினான்கு மாதங்களுக்கு முந்தியது. அதனோடு பிரிக்கப்படாத இன்ஹேலர் பெட்டி இரண்டு. மருந்தை இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். பிடிக்கும் விதத்தை அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லியவர் இல்லை. ஆஸ்பத்திரிப் படியேறி, வரிசையில் நான்கு மணி நேரம் நின்று, புரியாத மொழியில் விடை சொல்ல அவருக்குத் துணையில்லை. வாரம் ஒரு நாள் ஓய்வுள்ளவர்கள் எங்கள் சந்தில் இருபது பேராவது இருந்தோம். அவர் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு சிறு கோரிக்கை வைத்துள்ளேன். பெரிய மருத்துவ முகாம் வேண்டாம். முகாமுக்கு மாலையும் ஒலிபெருக்கியும் வரும், மறுநாள் ஒன்றும் இராது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு பக்கத்தில் துணை வேண்டும் முதியோர் பெயர், மறு பக்கத்தில் மராத்தியும் இந்தியும் அறிந்து வாரத்தில் ஒரு காலைப் பொழுது தரக்கூடியவர் பெயர். தாராவியில் சயான் ஆஸ்பத்திரியின் கிளையாக இருக்கும், நாம் "சோட்டா சயான்" என்று அழைக்கும் நிலையம், பெரிய சயான் ஆஸ்பத்திரி, பரேலில் கே.ஈ.எம்., இரயில்வேக்காரருக்கு பைகுல்லாவிலும் மும்பை சென்ட்ரலிலும் உள்ள ஆஸ்பத்திரிகள் ஆகியவற்றில் நுரையீரல் நோய்க்குரிய நாளும் நேரமும் என்ன என்பதை நேரில் விசாரித்து நூலகச் சுவரில் ஒட்டவேண்டும். மூச்சு நோய்க்குரிய தமிழ்ச் சொற்களை எழுதி, எதிரே மராத்தியும் இந்தியும் தமிழ் எழுத்திலேயே எழுதிய ஒரு தாளை அச்சிட்டு ஒவ்வொரு குடும்பத்திற்கும் தரவேண்டும். அச்சுக்கூலியை எங்கள் அலுவலக நண்பர்கள் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். சொற்பட்டியலைப் புலவர் பெருமகனார் சரி பார்த்துத் தருவாராயின் மிகவும் மகிழ்வேன்.

நோட்டுப் புத்தகம் வாயிலருகே மேசையில் இருக்கிறது. எனக்கு வார ஓய்வு வியாழக்கிழமை. என் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டேன். மற்ற ஆறு நாட்களும் காலியாக இருக்கின்றன.